தராசும் ஒரு டம்ளர் தண்ணீரும் போதும்: அடர்த்தியை வீட்டிலேயே அளந்து பழகுவது எப்படி

சமையலறையில் இருக்கும் ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட்டை எடுத்து அளவு போட்டிருக்கிற இடத்தைப் பாருங்கள். 1 லிட்டர் என்று இருக்கும், பக்கத்திலேயே 910 கிராம் என்றும் இருக்கும். இதை முதல்முறை கவனிக்கிறவர்கள் பெரும்பாலும் மிச்சம் 90 கிராம் எங்கே போனது என்றுதான் கேட்பார்கள். எங்கேயும் போகவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர்தான் ஒரு கிலோ இருக்கும், ஒரு லிட்டர் எண்ணெய் அவ்வளவு இருக்காது. அந்த 910 என்பதுதான் அடர்த்தி. குறிப்பிட்ட ஒரு இடத்துக்குள் எவ்வளவு சரக்கு அடைபட்டிருக்கிறது என்பதைச் சொல்லும் எண்.

பள்ளியில் ‘நிறை வகுத்தல் பருமன்’ என்று மனப்பாடம் செய்திருப்போம். சூத்திரம் சரிதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு பொருளைக் கூட அளந்து பார்க்காமல்தான் பலரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியிருக்கிறோம். அளந்து பார்த்தால் ஒரு விஷயம் உடனே புரியும். நிறையை அளப்பது சுலபம், தராசில் வைத்தால் முடிந்தது. திண்டாட்டமெல்லாம் பருமனில்தான் வரும், அதாவது அந்தப் பொருள் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதில். கோணல்மாணலான ஒரு கல்லை ஸ்கேல் வைத்து எப்படி அளப்பது? இங்கேதான் தண்ணீர் கைகொடுக்கிறது. ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லி இடத்தை அடைக்கும். அதனால் எந்தப் பருமனையும் தண்ணீரின் எடையாக மாற்றித் தராசிலேயே படித்துவிடலாம். கீழே சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான் அடிப்படை.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம்

தமிழில் ‘அடர்த்தி’ என்ற சொல் ஏற்கெனவே வேறு வேலைகள் பார்த்துக்கொண்டிருக்கிறது. அடர்த்தியான முடி என்கிறோம், அடர்த்தியான காடு என்கிறோம், தண்ணீர் கலக்காத பாலை அடர்த்தியான பால் என்கிறோம். முதல் இரண்டில் குழப்பம் இல்லை, ஒரு இடத்தில் எத்தனை முடி, எத்தனை மரம் என்ற கணக்குதான் அது. மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்க்கும். கெட்டியாக, கொழகொழவென்று இருப்பதெல்லாம் அடர்த்தி அதிகமானது என்று மனசு முடிவு கட்டிவிடும். விளக்கெண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். ஊற்றினால் நூல் மாதிரி இறங்கும், அவ்வளவு கெட்டி. ஆனால் தண்ணீரில் விட்டால் மிதக்கும், அதன் அடர்த்தி மில்லிக்கு 0.96 கிராம்தான், தண்ணீருக்கோ 1. கெட்டித்தன்மை என்பது பாகுத்தன்மை, அதாவது திரவத்தின் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நகர எவ்வளவு தயங்குகின்றன என்பது. அதற்கும் அடர்த்திக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. தேனில் இரண்டுமே அதிகம், அதனால்தான் இந்தக் குழப்பம் நீடிக்கிறது.

இன்னொன்று, ‘கனம்’. இரும்பு பஞ்சைவிடக் கனம் என்று சொல்லும்போது நம்மை அறியாமல் ஒரே அளவு இடத்தை வைத்துத்தான் ஒப்பிடுகிறோம். ஒரு கிலோ இரும்பும் ஒரு கிலோ பஞ்சும் ஒரே எடை என்ற பழைய விடுகதையில் நாம் தடுமாறுவதற்குக் காரணம், கேள்வி எடையைப் பற்றியது, நம் மனசு பதில் சொல்வதோ அடர்த்தியைப் பற்றி.

என்னென்ன வேண்டும்

ஒரு டிஜிட்டல் தராசு. சமையலறையில் வைத்துக்கொள்கிற ஒரு கிராம் துல்லியத் தராசே திரவங்களுக்குப் போதும். திடப்பொருள்களை அளக்க 0.1 கிராம் காட்டுகிற தராசு இருந்தால் நல்லது. அப்புறம் ஒரு கண்ணாடி டம்ளர், வாய் சமமாக இருக்க வேண்டும். எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு சுருட்டியிருப்பதால் தண்ணீர் அந்த மடிப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், தவிர்த்துவிடுங்கள். டம்ளர் வாயை முழுவதும் மூடுகிற அளவுக்கு ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு, பழைய ஃபோட்டோ ஃபிரேமில் இருப்பது போதும், ஓரத்தை மட்டும் கையில் கீறாதபடி தேய்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய தையல் நூல், ஒரு ஊசி, துடைக்கத் துணி. அளவு ஜாடியெல்லாம் வாங்க வேண்டாம். கடையில் கிடைக்கிற சாதாரண அளவுக் குவளைகளில் போட்டிருக்கும் கோட்டை நம்புவதைவிடத் தராசை நம்புவது நல்லது, ஏன் என்று இப்போதே பார்த்துவிடுவீர்கள்.

திரவங்கள்

காலி டம்ளரையும் கண்ணாடித் துண்டையும் சேர்த்துத் தராசில் வையுங்கள். என்னிடம் இருக்கிற டம்ளருக்கு 158 கிராம் காட்டுகிறது. இப்போது டம்ளரைத் தண்ணீரால் நிரப்புங்கள், விளிம்புக்கு மேலே தண்ணீர் லேசாகப் புடைத்து நிற்கும் வரை. பிறகு கண்ணாடித் துண்டை ஒரு பக்கத்திலிருந்து மெதுவாகத் தள்ளி வாயை மூடுங்கள். மிச்சத் தண்ணீர் வழிந்துவிடும். உள்ளே காற்றுக் குமிழி தெரிந்தால் திரும்பச் செய்யுங்கள். வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டு நிறுங்கள். எனக்கு 343 கிராம். கழித்தால் 185. ஆக இந்த டம்ளரின் கொள்ளளவு 185 மில்லி.

இந்தக் கண்ணாடித் துண்டு வேலை அற்பமாகத் தெரியலாம், ஆனால் எல்லாத் துல்லியமும் இதில்தான் இருக்கிறது. டம்ளரில் ‘விளிம்பு வரை’ என்று கண்ணால் பார்த்து நிரப்பினால் ஒவ்வொரு தடவையும் நான்கைந்து மில்லி கூடும் குறையும். மூடி வைத்து நிரப்பினால் எத்தனை தடவை செய்தாலும் ஒரு கிராமுக்குள் வந்து நிற்கும். செய்து பாருங்கள், மூன்று முறை ஒரே எண் வரும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.

இப்போது டம்ளரைத் துளி ஈரம் இல்லாமல் துடைத்து, அதே மாதிரி நல்லெண்ணெய் நிரப்பி மூடி நிறுங்கள். 328 வந்தது. 328இல் 158 போக 170. இதை 185ஆல் வகுத்தால் 0.919. தேனுக்கு 420, அதாவது தேன் மட்டும் 262, வகுத்தால் 1.416. முடிந்தது, இரண்டு திரவங்களின் அடர்த்தியை அளந்துவிட்டீர்கள். கிராமை மில்லியால் வகுத்ததால் அலகு ‘மில்லிக்கு இத்தனை கிராம்’. பாடப்புத்தகத்தில் கனமீட்டருக்கு இத்தனை கிலோகிராம் என்று இருக்கும், அதற்கு ஆயிரத்தால் பெருக்கினால் போதும்: 0.919 என்பது 919 ஆகிவிடும்.

நம் ஊர் வெயிலில் தண்ணீர் சரியாக மில்லிக்கு ஒரு கிராம் இருக்காதே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். உண்மைதான். 4 டிகிரி செல்சியஸில்தான் அது ஏறக்குறைய ஒன்று. 30 டிகிரியில் 0.996. ஆயிரத்தில் நான்கு பங்கு வித்தியாசம். சமையலறைத் தராசு இதைவிடப் பெரிய பிழை விடும் என்பதால் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

சூடு என்ன செய்யும்

தண்ணீரில் விட்டுவிடலாம் என்றேன், எண்ணெயில் அப்படி விட முடியாது. எண்ணெய் சூட்டில் நிறையவே விரியும். விரிந்தால் அதே சரக்கு அதிக இடத்தை அடைக்கும், அதாவது அடர்த்தி குறையும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் சுமார் 919 கிராம், 60 டிகிரியில் சுமார் 893 கிராம். பாக்கெட்டில் ‘60 டிகிரியில் 1 லிட்டர்’ என்று அச்சடித்து விற்றால் வாங்குகிறவருக்கு 25 கிராமுக்கு மேல் குறைவாகப் போகும். யார் வீட்டு அலமாரியில் 60 டிகிரி இருக்கிறது? இப்படிச் சில பாக்கெட்டுகள் வந்துகொண்டிருந்ததால்தான் 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் லிட்டரோடு எடையையும் சேர்த்துப் போடுங்கள் என்று எண்ணெய் நிறுவனங்களுக்குச் சொன்னது. எடை எவ்வளவு சுட்டாலும் மாறாது, பருமன்தான் மாறும். எண்ணெய் வாங்கும்போது கிராமைப் பார்த்து வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

பெட்ரோல் பங்கிலும் இதே கதைதான். நம் ஊரில் விற்கிற பெட்ரோலின் அடர்த்தி, கனமீட்டருக்கு 720 முதல் 775 கிலோகிராமுக்குள் இருக்க வேண்டும். இது 15 டிகிரிக்கு மாற்றிய கணக்கு. பங்கில் ஹைட்ரோமீட்டரும் (திரவத்தில் மிதக்கவிட்டு அடர்த்தியைப் படிக்கிற கருவி) வெப்பமானியும் ஜாடியும் வைத்திருப்பார்கள், மிதக்கவிட்டு எடுத்த எண்ணை அட்டவணை பார்த்து 15 டிகிரிக்கு மாற்றுவார்கள். சந்தேகம் இருந்தால் அளந்து காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

உறைவதைப் பற்றி ஒரு வார்த்தை. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பாருங்கள், பாதி உறைந்திருக்கும்போது வெள்ளையாக உறைந்த பகுதி அடியில் தங்கியிருக்கும், திரவம் மேலே நிற்கும். நெய்யிலும் மணல் மணலாக இருப்பது அடியில்தான். பெரும்பாலான பொருள்கள் இப்படித்தான், உறைந்தால் சுருங்கி அடர்த்தி கூடும். தண்ணீரோ நேர்மாறாக நடந்துகொள்ளும். பனிக்கட்டியின் அடர்த்தி 0.917, அதனால் டம்ளரில் போட்டால் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்று மேலேயே மூழ்கி, மிச்சம் வெளியே தலைகாட்டும். ஃப்ரீசரில் கண்ணாடி பாட்டில் நிறையத் தண்ணீர் வைத்து அது வெடித்த அனுபவம் உங்கள் வீட்டிலும் இருக்கும், காரணம் இதுதான்.

திடப்பொருள்: நூலில் கட்டித் தொங்கவிடுங்கள்

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. ஒரு ஸ்பூனின் அடர்த்தியைப் பார்ப்போம். முதலில் ஸ்பூனைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 42.3 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு டம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, தராசைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்பூனை நூலில் கட்டி, நூலைக் கையில் பிடித்தபடி, ஸ்பூன் முழுவதும் தண்ணீருக்குள் போகும்படி இறக்குங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. ஸ்பூன் நீளமாக இருந்தால் உயரமான டம்ளராக எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது தராசைப் பாருங்கள், 5.3 அல்லது 5.4 கிராம் காட்டும்.

எப்படி? ஸ்பூனின் எடையை நூல் தாங்குகிறது, தராசுக்கு அதில் பங்கில்லை. ஆனால் தண்ணீர் ஸ்பூனை மேல்நோக்கித் தள்ளுகிறது இல்லையா, அதே அளவுக்கு ஸ்பூனும் தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. அந்த அழுத்தம்தான் தராசில் தெரிகிறது. அதன் அளவு ஸ்பூன் ஒதுக்கிய தண்ணீரின் எடைக்குச் சமம். ஒதுக்கிய தண்ணீர் 5.3 கிராம் என்றால் ஸ்பூனின் பருமன் 5.3 மில்லி. 42.3ஐ 5.3ஆல் வகுத்தால் 7.98. எவர்சில்வருக்கு 7.9 பக்கத்தில் இருக்க வேண்டும், வந்துவிட்டது. நூலை வெளியே எடுத்து மறுபடியும் இறக்கிப் பாருங்கள், எண் அப்படியே திரும்பி வருவதைப் பார்க்கிறபோது ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதற்காகவே இதைச் செய்யலாம்.

அடுத்து, பழைய மளிகைக் கடைகளில் இருந்த 200 கிராம் இரும்பு எடைக்கல் ஒன்று என்னிடம் இருக்கிறது. தேய்ந்து தேய்ந்து இப்போது 198.4 கிராம். தண்ணீரில் தொங்கவிட்டால் 27.4. வகுத்தால் 7.24. இரும்பின் அடர்த்தி 7.87 என்றுதானே புத்தகத்தில் இருக்கும்? இது வார்ப்பிரும்பு. அதற்குள் கரி கிராஃபைட்டாகக் கலந்து கிடப்பதால் அடர்த்தி 7.2 பக்கத்தில் வந்து நிற்கும். கல்லைத் திருப்பினால் அடியில் ஒரு குழி, அதில் ஈயம் ஊற்றியிருக்கும், ஈயத்தின்மேல் முத்திரை குத்தியிருக்கும். எடையைச் சரிக்கட்டுவதற்காக ஊற்றுவது அது. ஈயம் மில்லிக்கு 11.34 கிராம் என்பதால் சின்னக் குழியிலேயே தேவையான எடையைச் சேர்த்துவிடலாம், மென்மையாக இருப்பதால் முத்திரையும் பதியும். அந்தக் காலத்தில் எடைக்கல் செய்தவர்கள் அடர்த்தியை எப்படிக் கையாண்டிருக்கிறார்கள் என்பதை அந்தக் குழியைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில எண்கள்: அலுமினியம் 2.7, கருங்கல் 2.6 முதல் 2.75, பித்தளை 8.4 முதல் 8.7, செம்பு 8.96, வெள்ளி 10.5, பாதரசம் 13.5, தங்கம் 19.3. சாதாரணத் தேக்கு 0.6, 0.7 என்று இருக்கும், நல்ல கருங்காலி தண்ணீரில் மூழ்கும்.

மிதக்கிற பொருளை எப்படி அளப்பது? மெழுகுவத்தித் துண்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும், ஊசி முனையால் அதை மெதுவாக அழுத்தி முழுவதும் அமிழ்த்துங்கள். அமிழ்ந்த நொடியில் தராசு காட்டுவது அதன் பருமன். மரத்துண்டுக்கும் இப்படியே செய்யலாம், ஆனால் சீக்கிரம் செய்யுங்கள், மரம் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தால் கணக்கு கெட்டுவிடும்.

தங்கத்துக்குப் போகும் முன்

இந்த முறையைக் கற்றுக்கொண்ட ஒவ்வொருவரும் அடுத்து செய்கிற காரியம் மோதிரத்தைக் கழற்றுவதுதான். செய்யுங்கள், ஆனால் அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள். 22 காரட் தங்கத்தில் மிச்சப் பங்கு செம்பாக இருந்தால் அடர்த்தி 17.6, வெள்ளியாக இருந்தால் 18.0, இரண்டும் கலந்திருந்தால் இடையில் வரும். ஒரு சவரன் மோதிரம் 8 கிராம். அதன் பருமன் வெறும் 0.45 மில்லி. 0.1 கிராம் காட்டுகிற தராசில் இது 0.4 என்று வரலாம், 0.5 என்றும் வரலாம். 0.4 வந்தால் அடர்த்தி 20, சொக்கத் தங்கத்தையே தாண்டிவிட்டது. 0.5 வந்தால் 16, வீட்டில் சண்டை வந்துவிடும். மோதிரத்தில் ஒரு மாற்றமும் இல்லை, தராசின் கடைசி இலக்கம் ஆடுகிற ஆட்டம் அது. சின்னப் பொருளுக்கு 0.01 கிராம் காட்டுகிற தராசு இல்லாமல் இறங்கவே வேண்டாம்.

நல்ல தராசு இருந்தாலும் பொறிகள் உண்டு. கல் வைத்த நகை, உள்ளே அரக்கு நிரப்பிய நகை, உள்ளே கூடாக இருக்கும் வளையல், இதற்கெல்லாம் அடர்த்தி குறைவாகத்தான் வரும், தங்கம் சுத்தமாக இருந்தாலும். சங்கிலியின் கண்ணிகளுக்குள் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டால் பருமன் கூடுதலாகக் காட்டும், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு ஆட்டி எடுங்கள். அதேபோல, எண் சரியாக வந்தால் தங்கம் என்று உறுதியாகவும் சொல்ல முடியாது, ஏனென்றால் டங்ஸ்டனின் அடர்த்தி 19.25. தங்கக் கட்டிக்குள் டங்ஸ்டனை வைத்து முலாம் பூசினால் இந்தச் சோதனை ஏமாந்துவிடும். குறைவாக வந்தால் சந்தேகப்படலாம், சரியாக வந்தால் ஹால்மார்க் முத்திரையையும் அதோடு பொறித்திருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண்ணையும் சரிபாருங்கள்.

ஆர்க்கிமிடீஸ் தொட்டியிலிருந்து எழுந்து ஓடிய கதை ஞாபகம் வரும். கிரீடத்தை அமிழ்த்தியதும் வழிந்த தண்ணீரை அளந்து பொற்கொல்லர் செய்த கலப்படத்தைக் கண்டுபிடித்தார் என்பார்கள். இதை எழுதிவைத்தவர் விட்ருவியஸ் என்ற ரோமானியர், ஆர்க்கிமிடீஸ் காலத்துக்குச் சுமார் 200 வருடம் கழித்து. வழிகிற தண்ணீரை அளப்பது எவ்வளவு கஷ்டம் என்று டம்ளரோடு மல்லுக்கட்டிய உங்களுக்கு இப்போது தெரியும், ஒரு கிரீடத்தில் கலப்படத்தால் வருகிற வித்தியாசம் சில மில்லிதான். 1586இல் 22 வயது கலிலியோவும் இதே சந்தேகத்தை எழுப்பி, வழிந்த தண்ணீரை அளந்திருக்க மாட்டார், தண்ணீருக்குள் வைத்து நிறுத்திருப்பார் என்று ஒரு சின்ன நூல் எழுதினார். நூலில் கட்டித் தொங்கவிட்டு நாம் செய்ததும் அந்த வழிதான்.

அரிசி: இரண்டு அடர்த்திகள்

தானியங்களில் புதிதாகப் பழகுகிறவர்கள் சறுக்குவார்கள். அதே 185 மில்லி டம்ளரில் அரிசியைத் தலைதட்டி நிரப்பினேன், அரிசி மட்டும் 154 கிராம். அடர்த்தி 0.83. அப்படியானால் தண்ணீரில் மிதக்க வேண்டுமே? மிதக்கவில்லை, அரிசி கழுவுகிற எல்லோருக்கும் தெரியும். டம்ளரை மேசையில் நாலு தட்டு தட்டி மறுபடி நிரப்பினால் 162 கிராம் பிடிக்கிறது, 0.88. தட்டினால் அடர்த்தி மாறுமா?

மாறியது அரிசி மணியின் அடர்த்தி அல்ல, குவியலின் அடர்த்தி. மணிகளுக்கு இடையில் இருக்கிற காற்றையும் சேர்த்து அளந்துகொண்டிருந்தோம். மணியை மட்டும் அளக்க: காலி டம்ளரில் 100 கிராம் அரிசியைப் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றி, குமிழிகள் போக ஒரு கலக்கு கலக்கி, விளிம்பு வரை நிரப்பிக் கண்ணாடியால் மூடி நிறுங்கள். எனக்கு 374. வெறும் தண்ணீர் நிரம்பிய டம்ளர் 343, அதோடு 100 கூட்டினால் 443 வர வேண்டும், வந்தது 374. குறைகிற 69 கிராம்தான் அரிசி ஒதுக்கிய தண்ணீர். 100ஐ 69ஆல் வகுத்தால் 1.45. இரண்டு நிமிஷத்துக்குள் முடியுங்கள், ஊறிவிட்டால் எண் மாறிவிடும்.

0.83க்கும் 1.45க்கும் இடையில் இருப்பது காற்று. தலைதட்டி நிரப்பிய டம்ளரில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் வெறும் இடைவெளி. படியிலும் மரக்காலிலும் அளந்து விற்ற நாள்களில் தட்டி அளக்கச் சொல்வதா, அப்படியே அளப்பதா, குவித்து அளப்பதா என்று வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் ஏன் அவ்வளவு பேச்சு நடந்தது என்று இப்போது விளங்கும். மணல், ஜல்லி, மாவு, எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு எண்கள் உண்டு. எதைச் சொல்கிறோம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் பிரயோஜனம் இல்லை.

பால்

பால் சொசைட்டியில் ஒரு கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்ப்பார்களே, அதுதான் லாக்டோமீட்டர். அடியில் எடை, மேலே மெல்லிய தண்டு. அடர்த்தி அதிகமான திரவத்தில் உயர்ந்து நிற்கும், குறைந்ததில் அமிழும். 28 என்று காட்டினால் அடர்த்தி 1.028. பசும்பால் 1.028 முதல் 1.030 வரை, எருமைப்பால் 1.030 முதல் 1.032 வரை. தண்ணீர் கலந்தால் இந்த எண் இறங்கும்.

ஆனால் இதை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். பாலாடை தண்ணீரைவிட லேசானது, கொழுப்பின் அடர்த்தி சுமார் 0.93. பாலாடையை எடுத்துவிட்டால் மீதிப் பாலின் அடர்த்தி ஏறும். ஏறியதை அளவாகத் தண்ணீர் ஊற்றி இறக்கினால் லாக்டோமீட்டர் பழையபடி 28 காட்டும். பாலாடையும் போய், தண்ணீரும் சேர்ந்த பால் சோதனையில் தேறிவிடும்! அதனால்தான் கொழுப்பையும் தனியாக அளக்கிறார்கள். வீட்டுக்கு லாக்டோமீட்டர் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: எந்த வெப்பநிலைக்கு அது செய்யப்பட்டது என்று தண்டில் போட்டிருக்கும், பாலை அந்தச் சூட்டுக்குக் கொண்டுவந்து அளக்க வேண்டும். கறந்த சூட்டோடு, நுரையோடு அளந்தால் நல்ல பாலுக்கும் குறைவாகக் காட்டும், பால்காரரோடு வீண் மனஸ்தாபம் வரும்.

சமையல் எரிவாயு பற்றிக் கட்டாயம்

வாயுக்களை வீட்டில் அளக்க முடியாது, தெரிந்து மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காற்று ஒரு கனமீட்டருக்குச் சுமார் 1.2 கிலோ. சிலிண்டரில் வருகிற எரிவாயு காற்றைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு பரவி அடுப்பு மேடைக்குக் கீழே, மூலையில், கட்டிலுக்கு அடியில் தேங்கும். உயரத்தில் இருக்கிற ஜன்னலைத் திறந்தால் மட்டும் போதாது, வாசல்கதவைத் திறந்து தரைமட்டத்தில் காற்று போக வழிவிட வேண்டும். சுவிட்சைத் தொடாதீர்கள், ஃபேனையும்தான். குழாய் வழியாக வருகிற இயற்கை எரிவாயு இதற்கு நேர் எதிர், காற்றில் பாதிதான் இருக்கும், கூரைப்பக்கம் ஏறும்.

உப்புத் தண்ணீரும் முட்டையும்

கடைசியாக, பிள்ளைகளை உட்காரவைத்துச் செய்ய ஒன்று. நல்ல தண்ணீரில் புதிய முட்டையைப் போட்டால் மூழ்கிக் கிடக்கும். முட்டையை எடுத்துவிட்டு உப்பைப் போட்டுக் கரைத்து மறுபடி போடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் கூட்டினால் ஒரு கட்டத்தில் முட்டை நடுவில் தயங்கி நிற்கும், இன்னும் கொஞ்சம் கூட்டினால் மேலே வரும். நடுவில் நிற்கிற அந்தத் தண்ணீரை எடுத்து முதலில் சொன்ன மாதிரி டம்ளரில் நிரப்பி நிறுத்தால் முட்டையின் அடர்த்தி கிடைத்துவிடும், புது முட்டைக்கு 1.08 பக்கத்தில் வரும். பழைய முட்டை நல்ல தண்ணீரிலேயே மிதக்கும். ஓட்டில் இருக்கிற நுண்துளைகள் வழியாக ஈரம் வெளியேறி, அந்த இடத்தில் காற்று சேர்ந்துவிடுவதால் முட்டை அளவு மாறாமல் எடை மட்டும் குறைகிறது.

தூத்துக்குடி உப்பளங்களில் உப்புநீரின் அடர்த்தியை ‘டிகிரி’ என்று சொல்வார்கள், இது வெப்பநிலை டிகிரி அல்ல. போமே என்ற பிரெஞ்சு மருந்தாளர் 18ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவு அது. கடல்நீர் சுமார் 3 டிகிரி, அதாவது 1.02 அடர்த்தி. பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்ற வற்ற டிகிரி ஏறும். 25 டிகிரி, அதாவது 1.21 நெருங்கும்போது உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30 தாண்டினால் மக்னீசியம் உப்புகள் சேர்ந்து கசப்பேறிவிடும் என்பதால் அந்த நீரை வெளியேற்றிவிடுவார்கள்.

நெல் விதைப்பவர்கள் முட்டையையே ஹைட்ரோமீட்டராக வைத்துக்கொள்வார்கள். ஒரு வாளித் தண்ணீரில் புதிய முட்டையைப் போட்டு, அது மேலே வந்து ஒரு நாணய அகலத்துக்கு வெளியே தெரியும்வரை உப்பைக் கரைத்துக்கொண்டே போக வேண்டும். பிறகு முட்டையை எடுத்துவிட்டு விதைநெல்லைக் கொட்டிக் கலக்க வேண்டும். பால் முழுசாகப் பிடித்த மணி மூழ்கும், பதரும் அரைக்காயும் மிதக்கும். மிதப்பதை அரித்து ஒதுக்கிவிட்டு, மூழ்கியதை உடனே எடுத்து நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலச வேண்டும், உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு பாதிக்கும். அடுத்த கூடை நெல்லைப் போடும் முன் முட்டையை இன்னொரு தடவை விட்டுப் பாருங்கள், நாணய அகலம் குறைந்திருந்தால் இன்னொரு கைப்பிடி உப்பு.